மலை யாருக்கு உறவு?

போன வருஷம் அயர்லாந்தின் டிங்கிள் தீபகற்பத்துக்குப் போய்வந்து ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். டிரலீயில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் காரில் கூட்டிப் போனாள். கடலை ஒட்டி வளைந்து போகிற ஸ்லே ஹெட் சாலை, சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய பழைய குடில்கள், டன்குவின் கிராமத்தில் படகுத்துறைக்கு நெளிந்து இறங்கும் பாதை, எதிரே பிளாஸ்கெட் தீவு. எல்லாவற்றையும் எழுதினேன். 'சொர்க்கம்' மூன்று இடத்தில் வந்தது, 'இயற்கை அன்னை' இரண்டு இடத்தில். நிறைய பேர் பகிர்ந்தார்கள்.

ஊருக்கு வந்தபோது அத்தைக்கு அதை வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான்யா இருக்கு. அங்க உள்ளவுக என்ன சாப்புடுதாக? தண்ணி எங்க எடுக்காக? அத ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் அங்கே இருந்திருக்கிறேன். ஒரு ஆளிடம்கூட ரெண்டு வார்த்தை பேசவில்லை. நான் எழுதியது ஒரு ஊரைப் பற்றி அல்ல, கார் ஜன்னலைப் பற்றி.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வாசுதேவநல்லூரே ஒரு ஜன்னலோரக் காட்சிதான். ஜூன் பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் மதுரைப் பக்கமிருந்து வேன் வேனாக எங்கள் ஊர் வழியே குற்றாலத்துக்குப் போவார்கள். திரும்பி வருகையில் ஜன்னல் கம்பிகளில் ஈரத்துண்டு காயும். அந்த வேன்களில் இருப்பவர்களுக்கு நாங்கள் மலைக்கு முன்னால் வருகிற ஒரு பஸ் ஸ்டாப். சின்ன வயதில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதே வேலையை நான் டன்குவினுக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் 'தி ஐலண்ட்மேன்' படித்தேன். நான் எதிர்க்கரையில் நின்று போட்டோ எடுத்த அதே பிளாஸ்கெட் தீவில் பிறந்து, அங்கேயே மீன் பிடித்து, 1937-இல் இறந்த தோமாஸ் ஓ க்ரோஹன் ஐரிஷ் மொழியில் எழுதிய தன்வரலாறு. 1929-இல் வெளிவந்தது. ராபின் ஃபிளவர் அதை ஆங்கிலமாக்கினார். அழகான தீவைப் பற்றிய புத்தகம் என்று எடுத்தால் ஏமாந்து போவோம். கடல்நாய் வேட்டை, உருளைக்கிழங்கு, அடுப்புக்கு வெட்டும் புல்கரி, வாடகை வசூலிக்க வருகிறவர்களோடு தகராறு, உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கும் மரம் என்றுதான் போகிறது. கடல் வருகிறது, ஆனால் காட்சியாக வருவதில்லை. இன்று படகு இறக்கலாமா கூடாதா என்கிற கேள்வியாக வருகிறது. அத்தை கேட்ட ரெண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று. தோமாஸின் ஒரு பிள்ளை கடற்பறவைக் குஞ்சைப் பிடிக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்திருந்தான். 1909-இல் இன்னொரு மகனும் போனான். விடுமுறைக்குத் தீவுக்கு வந்திருந்த இளம்பெண் ஒருத்தி கடலில் குளிக்கையில் தத்தளிக்க, காப்பாற்றப் பாய்ந்தவன் அவளோடு சேர்ந்து மூழ்கினான். வந்தவளுக்குக் கடல் குளிக்கிற இடம், அவனுக்கு வயிற்றுப்பாடு. தோமாஸ் இதைக் கொஞ்ச வரிகளில் சொல்லிவிட்டு நகர்கிறார். அழச்சொல்லி நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. எழுதத் தெரியாததால் வந்த சுருக்கம் அல்ல அது. அதே கடலுக்கு மறுநாளும் போயாக வேண்டியவனின் சுருக்கம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்ட செய்தி அந்தப் பக்கத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் யாருக்கும் வெறும் காட்சியாக நின்றுகொண்டிருக்காது.

இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யைத் திரும்ப எடுத்தேன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது. குரங்குகளும் பழங்களும் வருகிற அந்த மலைவளப் பகுதியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணாதவர்கள் குறைவு. குற்றாலம் பற்றி யார் எழுதினாலும் முதலில் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள், சுற்றுலா விளம்பரம் மாதிரி.

ஆனால் அந்த இடத்தில் பேசுவது யார்? வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. சிங்கி. குற்றாலநாதர்மேல் காதல்கொண்டு வாடும் வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வந்த குறத்தி. உன் மலை எப்படிப்பட்டது என்று வசந்தவல்லி கேட்கிறாள், அதற்குச் சிங்கி சொல்லும் பதில்தான் மலைவளம். அதாவது அது ஒரு வேலைக்காரியின் அறிமுகம். நான் இன்ன இடத்துக்காரி, என் வாக்கை நம்பலாம் என்று சொல்கிற இடம். குறி பலித்தால் கூலி உண்டு. ரசனைக்குப் பின்னால் பிழைப்பு இருக்கிறது.

இன்னொன்று, அதைவிட முக்கியமானது. ஒரு கட்டத்தில் சிங்கி மலைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். இமயத்தை அண்ணன் மலை என்பாள். சாமிமலையை மாமியார் மலை என்பாள். பழனிமலையைப் புருஷன் பக்கத்துச் சொத்தாகச் சொல்வாள். உலகத்து மலையெல்லாம் அவளுக்குச் சொந்தபந்தம். அழகு என்று மலையைத் தள்ளி நிறுத்திப் பார்க்க அவளுக்குத் தேவை வரவில்லை. மாமியார் வீட்டை யாராவது 'சொர்க்கம்' என்பார்களா? அங்கே கோபம் இருக்கும், உரிமை இருக்கும், நல்லது கெட்டதுக்குப் போய்வர வேண்டியிருக்கும். என் கட்டுரையில் இல்லாமல் போனது இந்த உறவுதான்.

கடைசியில் சிங்கனும் சிங்கியும் சந்திக்கும்போது அவள் மேலெல்லாம் நகை. இது ஏது, அது ஏது என்று அவன் சந்தேகப்பட்டுக் கேட்க, காலில் கிடக்கும் சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கியது என்கிறாள். ஒவ்வொரு நகைக்கும் ஒரு ஊர். அப்படியென்றால் இந்த நூலில் ஊர்சுற்றி யார்? மலைக்காரிதான். அவள் இறங்கிப்போய் நாடுகளைப் பார்த்து வருகிறாள், சமவெளிக்காரர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். இன்றைக்கு நாம் கேமராவோடு மேலே ஏறுகிறோம், மலைக்காரர்கள் பேசாமல் நிற்கிறார்கள். திசை அப்படியே திரும்பிவிட்டது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமானது. சிங்கியின் குரல் சிங்கியுடையதா? இல்லை. கவிராயர் குறவர் அல்ல, கோயிலையும் அரசையும் சார்ந்த புலவர். இந்த நூலுக்காக மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார், அதற்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். சிங்கிக்குக் கதைக்குள் சிலம்பு, கதைக்கு வெளியே புலவருக்கு நிலம். குறத்தியின் வாயைக் கடன் வாங்கிய நூல் இது என்பதை மறைத்துவிட்டுக் கொண்டாடுவது சரியில்லை. ஆனாலும் கடன் வாங்கியவர் நன்றாகக் காது கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மலையை மாமியாராக்கியது ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு வந்திருக்காது.

பிளாஸ்கெட்டில் நடந்தது வேறு. அங்கேயும் வெளியாட்கள் வந்தார்கள், ஐரிஷ் மொழி படிக்க. அவர்களில் பிரையன் கெல்லி என்பவர் தோமாஸுக்குக் கார்க்கியையும் பியர் லோட்டியையும் வாசித்துக் காட்டி, நீயே எழுது என்று தூண்டினார். வந்தவர் எழுதவில்லை, இருந்தவர் எழுதினார். பிறகு அந்தச் சின்னத் தீவிலிருந்து மாரிஸ் ஓ சல்லிவன், பெய்க் சேயர்ஸ் என்று புத்தகங்கள் வந்தன. பெய்க் தன் கதையைச் சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொண்டான்.

இதனால் தீவு பிழைத்ததா? இல்லை. 1953-இல் மிச்சமிருந்தவர்களையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்று அங்கே கூரையில்லாத சுவர்கள். புத்தகம் ஊரைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சுவர்களைப் பார்க்கிறவன், அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு பார்க்க முடியும். நான் தெரிந்துகொள்ளாமல் பார்த்தேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தலையணை என்று ஒரு இடம். அந்தப் பக்கம் பளியர் குடியிருப்பு இருக்கிறது. குளிக்கப் பத்துத் தடவையாவது போயிருப்பேன், குடியிருப்பைத் தாண்டித்தான். மேலே மலைகளை அவர்கள் என்னென்ன பெயரால் சொல்கிறார்கள், எது அண்ணன், எது மாமியார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. அயர்லாந்து வரை போனவனுக்கு நாலு மைல் தூரம் தெரியவில்லை.

நம் பயணக் கட்டுரைகளுக்கு நடை போதாது, வர்ணனை போதாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. அது ரெண்டும் நிறையவே இருக்கிறது. கேள்விதான் இல்லை. அடுத்த தடவை ஒரு இடத்தைப் பற்றி எழுத உட்காரும்போது 'அழகு' என்று வருகிற இடத்திலெல்லாம் பேனாவை நிறுத்தி, இங்கே தண்ணி எங்க எடுக்காக என்று கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன். பழைய கட்டுரையை எடுத்துவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "கெடந்துட்டுப் போகுது. அந்தப் புள்ளைக்குப் போனப் போட்டு, அங்க என்ன கொழம்பு வைக்காகன்னு கேளு" என்றாள்.