மாயக் கதையும் கிறித்தவ மரபும்

மந்திரமும் மாயமும் பயிலும் சிறுவர் கதைகள் கிறித்தவ நம்பிக்கையோடு முரணுமோ என்னும் வழக்கு, 1997-இல் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் வெளிவந்தபின் மேலைநாடுகளில் வலுத்தது. எதிர்ப்போர் உபாகமத்தின் 18-ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். குறிகேட்டலும் சூனியமும் அங்கே விலக்கப்பட்டுள்ளன. எளிதில் தள்ளத்தக்க சான்றன்று அது.

இவ்வழக்கைச் சிவகாசியிலிருந்து நோக்குவது பயனுடையது. மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும் இரும்புக்கை மாயாவியை 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழ்ச் சிறுவர்க்கு அளித்தது இவ்வூரிலிருந்தே. தெற்கே, கோவிற்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியோ வீரமாமுனிவர் சமயப்பணி ஆற்றிய ஊர்.

புனைவுக்குப் பரிந்து பேசுவோர்க்கு முதலில் நினைவு வருவது கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894). பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய இக்காப்பியம் ஈண்டுப் போதிய சான்றாகாது என்பது நம் கருத்து. அஃது உருவகம்; அதனுள் வரும் ஒவ்வொன்றும் சமயப் பொருள் ஒன்றைச் சுட்டி நிற்கும். அத்தகைய நூலை எதிர்ப்போரும் ஏற்பர். அவர் அஞ்சுவது, பொருள் எதனையும் சுட்டாது கதையாகவே நிற்கும் கதையை.

அதற்குரிய சான்று பரமார்த்த குருவின் கதை. பூசணிக்காயைக் குதிரைமுட்டை எனக் கொள்ளும் பேதைமை யாவரும் அறிந்தது. நாம் கருதவேண்டியது அதன் முடிவு. பிருட்டம் குளிர்ந்தால் குருவுக்குச் சாவு என்று புரோகிதன் ஒருவன் குறி கூறுகிறான். அதனை நம்பியதே குருவின் இறுதிக்கு வழியாகிறது. உபாகமம் விலக்கிய குறிசொல்லுதலையே கதையின் அச்சாணியாக வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு! படிக்கும் சிறுவன் குறிகேட்கக் கற்பதில்லை. குறியை நம்பியவரைக் கண்டு நகைக்கவே கற்கிறான். தொல்காப்பியரும் செய்யுளியலில் பொய்யாகப் புனைந்த உரையையும் நகைதரும் உரையையும் உரைவகைகளுள் வைத்து எண்ணினார். நடந்ததென நம்பச் சொல்வது வேறு, கதையெனக் கேட்கச் சொல்வது வேறு என்னும் தெளிவு தமிழுக்குப் பழையது. விவிலியத்திலேயே, நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில், மரங்கள் தமக்கு அரசன் தேடிப் பேசுகின்றன.

எனினும் ஒரு தடை எஞ்சுகிறது. முனிவரின் கதையில் குறி நகைப்புக்கு உரியது. ஹாரி பாட்டரிலோ மந்திரம் தலைவனுக்கே உரிய ஆற்றல், அவன் பள்ளியில் பயிலும் கல்வி. நகைச்சுவைக்குத் தந்த விடையை வியப்புச்சுவைக்கும் அப்படியே நீட்டுதல் ஆகாது. மாயாவியின் மறைவுக்கேனும் மின்சாரம் என்றொரு காரணம் கூறப்பட்டது. வியப்பையே பொருளாகக் கொண்ட சிறுவர் கதைகளைத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தினுள் தனியே தொகுத்து ஆராய்ந்த பின்னரே இத்தடைக்கு விடை கூற இயலும்.