மண்டபமும் மலையும்

கண்டியில் சமூக நீதி பற்றிய சொற்பொழிவுகளுக்குப் பஞ்சமில்லை. நினைவுப் பேருரை, நூல் வெளியீட்டுரை, கருத்தரங்கு எனப் பல பெயர்களில் அவை நிகழ்ந்து வருகின்றன. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு மகாவலிக் கரையிலுள்ள பேராதனையில் குடியேறிய நாள்தொட்டு இந்நகரம் கற்றோரின் நகரமாகவும் விளங்குகின்றது. ஆயினும் இவ்வுரைகளை விமர்சனத்துக்குரிய பொருளாக நாம் கொள்வதில்லை. ஒரு சிறுகதைத் தொகுதி வெளிவந்தால், யாருடைய வாழ்வை, யாருக்காக, எந்த மொழியில் எழுதினார் என்று கேட்கின்றோம். மேடையில் ஒருவர் நீதியைப் பற்றிப் பேசினால் மட்டும் கைதட்டிவிட்டு வீடு திரும்புகின்றோம். அதே கேள்விகளை இங்கும் எழுப்புதல் தகும்.

பேராதனை வளாகத்துக்கு மேலே அந்தானை மலை எழுந்து நிற்கின்றது. அதன் சரிவுகளில் தேயிலை வளர்கின்றது. கீழே மண்டபத்தில் தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, காணியுரிமை ஆகியவை பற்றி அறிஞர் பேசுகின்றார். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றார். அவையில் விரிவுரையாளரும் மாணவரும் தொண்டு நிறுவனத்தாரும் அமர்ந்திருக்கின்றனர். அவ்வேளையில், பேசப்படும் பெண் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு காத்து நிற்கின்றாள். அவள் இவ்வுரையைக் கேட்க வருவதென்றால் ஒருநாட் சம்பளத்தை இழக்க வேண்டும். வந்தாலும் மொழி விளங்காது. மலைக்கும் மண்டபத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை மைலில் அளக்க இயலாது. நேரத்தாலும் மொழியாலும் அமைந்த தூரம் அது.

என்றும் இவ்வாறுதான் இருந்ததெனக் கூறுவதற்கில்லை. 1937ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் திகதி, கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் சமசமாசக் கட்சியினர் ஒரு பொதுக்கூட்டம் நடத்தினர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாய அதில் கலந்துகொண்டார். அம்மேடையில் மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞரும் பேசினார். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பகுதியின் ரெலுகஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பழகியவர் அவர். தோட்டத்துக்குள் தாம் கண்டதைத் தொழிலாளர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். அம்மாதமே அவரை நாடுகடத்தும் கட்டளை பிறந்தது. அவர் தலைமறைவானார், மே மாதம் காலிமுகத்திடலில் மக்கள் முன் மீண்டும் தோன்றினார், அக்கட்டளை சட்டவிரோதமானதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓர் உரைக்கு அரசாங்கம் இத்துணை அஞ்சியது ஏன்? அவர் பெரும் நாவலர் என்பதாலன்று. தோட்டத்தின் உட்செய்தியை, அது யாரைப் பற்றியதோ அவர்களிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதே காரணம். எனினும் அந்நிகழ்ச்சியிலும் ஒரு குறை உண்டு. பேசிய வெள்ளையரின் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கின்றது; கேட்ட தொழிலாளரின் பெயர்களைக் காக்கவில்லை. 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானான். தோட்டத் தொழிலாளியின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு அவன் சாக வேண்டியிருந்தது.

பேசுவோர், பேசப்படுவோர் என்ற இப்பிரிவினை எத்துணைக் கொடியதென்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்க்கலாமென ஒதுக்கி வைத்தது. அவர்களைப் பற்றி இரு தலைநகரங்கள் பேசின. அவர்களோடு எவரும் பேசவில்லை. சமூக நீதிக்கென மேடையேறும் நல்லெண்ணம் படைத்தவர்களும், அளவிற் சிறிதாயினும், இதே தவற்றைச் செய்துவிடக் கூடாது.

இதனை உணர்ந்தவர்கள் கண்டியிலேயே இருந்தனர். யேசு சபையைச் சேர்ந்த போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972ஆம் ஆண்டு இங்கு சத்தியோதய நிலையத்தைத் தோற்றுவித்தார். சமூக ஆய்வு, சந்திப்பு என்ற இரு சொற்களையும் தன் பெயரிலேயே ஏற்ற நிறுவனம் அது. தோட்டங்கள் அரசுடைமையான காலமும், எழுபதுகளின் நடுவில் லயங்களைப் பசி வாட்டிய காலமும் அதன் தொடக்க ஆண்டுகள். சிங்களக் கிராமத்தவரையும் தமிழ்த் தோட்டத்தவரையும் ஒன்றாக உட்கார வைப்பதை அது ஆய்வுக்கு நிகரான வேலையாகக் கொண்டது. 2017இல் மறைந்த அடிகளின் சமயக் கொள்கையை ஏற்காதோரும் இம்முறையின் மதிப்பை மறுக்க இயலாது. சந்திப்பில்லாத ஆய்வு மேலிருந்து எண்ணும் கணக்காகிவிடும். ஆய்வில்லாத சந்திப்பு அனுதாபத்தோடு முடிந்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தொழிலாளிக்குச் சங்கம் போதும், அறிஞர் எதற்கு என்று நம்மிடையே சிலர் கேட்கின்றனர். இது போராட்டத்தின் பெயரால் பேசப்படும் சோம்பல். பிறப்புச் சான்றும் பதிவேடும் இல்லாததால் உரிமை இழந்த மக்களுக்குச் சட்டத்தையும் ஆவணத்தையும் கற்றவர் ஊன்றுகோல் ஆவார். பேராதனையிற் கற்ற க. கைலாசபதி, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். ‘தினகரன்’ ஆசிரியராயிருந்து ஈழத்து எழுத்தாளர்க்கு இடமளித்தவரும் அவரே. நாளிதழ் படிக்கும் சாதாரண வாசகனைத் தமது புலமைக்குப் புறம்பானவனாக அவர் கருதவில்லை. புலமையைத் தாழ்த்துமாறு நாம் கோரவில்லை; அதன் வாயிலைத் திறந்து வைக்குமாறு கோருகின்றோம்.

பேசப்பட்டவர்கள் தாமே பேசத் தொடங்கியமைக்கும் அண்மைச் சான்று உண்டு. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023 சூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த வழியிற் பேரர் நடந்தனர். ஊர்தோறும் மக்கள் கூடினர். காணி, வீடு, கூலி, சமத்துவம் என்ற கோரிக்கைகள் அவர்தம் வாயாலேயே ஒலித்தன. மேடை இல்லாமலே நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவு என இதனைக் கூறலாம். மண்டபத்து அறிஞர்கள் இதிலிருந்து கற்க நிறைய உண்டு.

ஆகவே கண்டியின் சொற்பொழிவு மேடைகளுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. தோட்டத்தைப் பற்றிய உரை ஞாயிற்றுக்கிழமையில் நிகழட்டும்; தமிழிலும் சிங்களத்திலும் ஒலிக்கட்டும். பேசுபவருக்கு ஒரு மணி நேரமெனில், பேசப்படுபவர் கேள்வி கேட்கவும் மறுக்கவும் மற்றொரு மணி நேரம் இருக்கட்டும். உரை சிறு பிரசுரமாகித் தோட்டப் பாடசாலைக்குச் செல்லட்டும். இவ்விதழின் வாசகர்களாகிய ஆசிரியர்களிற் பலர் அப்பாடசாலைகளிற் கற்பிப்பவர்கள். மாணவர்களிற் சிலர் லயத்திலிருந்து பேராதனைக்கு வந்தவர்கள். மண்டபத்தையும் மலையையும் ஒருங்கே அறிந்தவர்கள் அவர்களே. அடுத்த பேருரைக்கு அழைப்பிதழ் வரும்போது, அது யாருக்கெல்லாம் அனுப்பப்படவில்லை என்ற கேள்வியை அவர்கள் முதலில் எழுப்ப வேண்டும்.