விளிச்சொல்லும் வீட்டுத்திரையும்: மொழிமாற்ற விவிலியப் படங்களின் தமிழ்

விவிலியக் கதைப் படங்களைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் காட்சியோடு நின்றுவிடுகிறது. செசில் பி. டெமிலின் ‘பத்துக் கட்டளைகள்’ (1956) என்றதும் பிளவுறும் செங்கடலே பேசப்படுகிறது. வீட்டில் அப்படம் ஓடும்போதோ கண்ணைவிடக் காதே மிகுதியாக வேலை செய்கிறது. அடுக்களையில் இருப்பவருக்கும் மோசேயின் குரல் கேட்கும். அக்குரல் எந்தத் தமிழில் பேசுகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

அத்தமிழுக்கு ஓர் ஊர் உண்டு. கன்னடத்திலிருந்து தமிழாக்கப்பட்ட ‘ஹரிச்சந்திரா’ (1944) இந்தியாவின் முதல் மொழிமாற்றப் படமாகக் கருதப்படுகிறது. அதை உருவாக்கிய ஏவி. மெய்யப்பன் 1948-இல் தம் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடியிலிருந்து வடபழனிக்கு மாற்றினார். அருகிலேயே விஜயா–வாகினி வளாகம். ‘மாயாபஜார்’ (1957) போன்ற புராணப் படங்கள் அந்நிறுவனத்தின் ஆக்கங்கள். முருகன் கோயிலைச் சுற்றி வளர்ந்த இத்தொழில், தேவரும் அரசரும் பேசுவதற்கென ஒரு தமிழைச் சமைத்து வைத்தது. விவிலியப் படத்துக்கு வசனம் எழுதுபவர் அதனைத் தவிர்த்துவிட்டு எழுதுவது எளிதன்று.

‘நீர்’ என்னும் விளியைக் காண்க. பவர் தலைமையிலான குழுவின் திருத்தமாக 1871-இல் வெளிவந்த வேதாகமத்தில், இறைவனை நோக்கிய மன்றாட்டின் சொல் அது. மரியாதையும் நெருக்கமும் அதில் ஒருங்கே உள்ளன. புராணப் படத்திலோ ‘நீர்’ அவைக்களத்தின் சொல். அரசன் புலவனைச் சீண்டும்போதும் அதுவே வரும். சீடர் இயேசுவை ‘நீர்’ என்றழைக்கும்போது, வேதாகமம் வாசித்துப் பழகியவர் செபத்தைக் கேட்கிறார். பழகாதவர் தர்பாரைக் கேட்கிறார். ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பவர்களிடையேகூட இந்த வேறுபாடு நிகழும்.

இதனினும் கூர்மையானது தாயை விளிக்கும் சொல். யோவான் நற்செய்தியின் கானா ஊர்த் திருமணத்தில் மகன் தாயை அழைப்பது பழைய மொழிபெயர்ப்பில் ‘ஸ்திரீயே’. 1995-இன் திருவிவிலியத்தில் ‘அம்மா’. முன்னது மூலத்தின் விலகலைக் காப்பாற்றித் தமிழ்ச் செவியைப் புண்படுத்துகிறது. பின்னது செவியைக் காத்து விலகலை இழக்கிறது. அச்சில் இவை இரு சபைகளின் இரு நூல்கள். அவரவர் நூலை அவரவர் வாசிக்கலாம். படத்திலோ ஒலித்தடம் ஒன்றுதான். லூக்காவை மட்டும் பின்பற்றிய ‘இயேசு’ (1979), இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் மாற்றம் பெற்ற படம், இச்சிக்கலிலிருந்து தானாகவே தப்பிவிடுகிறது. கானா திருமணமும் சிலுவையடியில் தாயை விளித்தலும் லூக்காவில் இல்லை. அப்படம் பல சபையாருக்கும் பொதுவில் ஏற்புடையதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு.

ஆங்கில வாயசைவுக்குத் தமிழைப் பொருத்துவது வேறொரு தொல்லை. ஆங்கிலத்தில் வினை முன்னரே வந்துவிடும். தமிழில் அது இறுதியில் நிற்கும். நடிகரின் வாய் மூடிய பின்னும் வினைமுற்று மீந்திருக்க, எழுதுபவர் சொற்றொடரைத் தலைகீழாக்குகிறார். அத்தலைகீழ் நடையைப் பலர் வேதநடை என்றே நம்பிவிட்டனர்! தெலுங்கிலிருந்து வரும் படத்துக்கு இத்தொல்லை குறைவு. அங்கும் வினை இறுதியிலேயே நிற்கும். விஜயசந்தர் இயேசுவாக நடித்த ‘கருணாமயுடு’ (1978) தமிழில் இயல்பாக ஒலிக்க இது உதவுகிறது. அதன் இயக்குநர் ‘பாசமலர்’ (1961) தந்த ஏ. பீம்சிங். குடும்ப உணர்ச்சியைப் படமாக்கிப் பழகிய அவர் கையில் ‘அம்மா’ என்னும் சொல் மொழிபெயர்ப்புச் சிக்கலாக நிற்பதில்லை. அது தென்னிந்தியத் திரையின் பிறப்புரிமை. விஜயசந்தரே பின்னர் 1986-இல் சீரடி சாயிபாபாவாகவும் நடித்தார். அவ்விரு படங்களையும் பார்த்த குடும்பத்தில் ஒரே முகம் இரு வழிபாடுகளுக்கும் உரியதாயிற்று. இறையியலார் இதனை ஐயத்தோடு நோக்கலாம். வீட்டுப் பார்வையாளருக்கு அதில் முரண் தோன்றியதாகத் தெரியவில்லை.

திரையரங்கில் பிழையான சொல் கடந்து போய்விடும். வீட்டில் போவதில்லை. மடியில் வேதாகமம் இருக்கும். மூத்தவர் ஒருவர் ‘அப்படி இல்லை’ என்று திருத்துவார். படம் நிறுத்தப்பட்டு அதிகாரமும் வசனமும் தேடப்படும். மூலத்துக்கும் கேட்போருக்கும் இடையில் உரையாசிரியர் அமர்ந்திருந்த இடத்தில் இப்போது குடும்பம் அமர்கிறது. வீரமாமுனிவர் தேம்பாவணியின் 3615 பாடல்களில் யூதேயாவுக்கே தமிழ்நிலத்தின் வளத்தை ஊட்டினார். மொழிமாற்றப் படம் நிலத்தைத் தொட இயலாது. குரலை மட்டுமே மாற்றும். பாலைநிலக் காட்சிமேல் வடபழனியின் குரல் படரும்போது எஞ்சும் இடைவெளியைத்தான் வீட்டிலிருப்போர் தம் பேச்சால் நிரப்புகின்றனர். அப்பேச்சு எங்கும் பதிவாகவில்லை. பதிவு செய்யத் தொடங்கினால் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, எந்த விளிச்சொல்லில் படம் நிறுத்தப்பட்டது என்பதையே.