கிராணியின் பேனா

மலாயாத் தமிழர் எழுத்தில் அஞ்சாமைக்கு உதாரணம் கேட்போருக்கு நாம் கதையையோ கவிதையையோ காட்டமாட்டோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது முன்வைத்த கோரிக்கைப் பட்டியலையே காட்டுவோம். இதுவும் இலக்கியமா என்று பண்டிதர்கள் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாய் நடப்பதற்கு முடிவு, பேச்சுரிமை ஆகியவற்றை அது கேட்டது. துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் அதில் ஒன்று. மானத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவர், அந்தச் சைக்கிள் சொல்வதைச் சொல்லிவிடுவாரா? கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை அகற்றுக என்றும் அதிலே கண்டிருக்கிறது. கோலசிலாங்கூர்த் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அவ்வரி இன்றும் சுடுகிறது.

சர்க்கார் அளித்த பதில் யாவரும் அறிந்ததே. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூர் முழுவதும் அவசரநிலை, பட்டாளம் வந்தது, தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

நிற்க. வெள்ளையன் போனபின் வாய்ப்பூட்டும் போயிற்றா? 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, 2012வரை பத்திரிகைகள் வருடந்தோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2007இல் 'மக்கள் ஓசை' ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. வருடந்தோறும் கைநீட்டி நிற்பவன், பிறர் அடிக்குமுன் தன் வரியைத் தானே அடித்துவிடுகிறான். நாம் வாசித்த தோட்டக் கதைகளில் பெரும்பாலானவற்றில் கள்ளுக்கும் கண்ணீருக்கும் குறைவில்லை. ஆனால் கதை ஆபீஸ் வாசற்படியைத் தாண்டுவதில்லை. குடிகாரத் தகப்பனைத் திட்டுவதற்கு உரிமம் வேண்டியதில்லையல்லவா?

பிறரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சில வருடங்களுக்கு முன், தண்ணீர்க் கஷ்டத்தை மானேஜருக்கு ஆங்கிலத்தில் எழுதித்தருமாறு சிலர் நம்மிடம் வந்தனர். "மூன்று நாளாய்க் குழாயில் சொட்டுத் தண்ணீரில்லை, கேட்கப்போனால் பெரிய கிராணி நாயை விரட்டுவதுபோல் விரட்டுகிறார்" என்றார் ஒரு மூதாட்டியார். நீர் விநியோகத்தில் சிறிது தடங்கல் நேர்ந்துள்ளதென்று எழுதினோம். மூன்று நாளும் போயிற்று. பெரிய கிராணியும் போனார். எந்தப் போலீசும் நம் கையைப் பிடிக்கவில்லை. வாசித்துக் காட்டும்படி அவர் கேட்கவுமில்லை. நம்மை நம்பி, அதன் அடியில் கைநாட்டு வைத்தார்.