வெண்ணெய் இல்லாத பிஸ்கட்டில் என்ன குறை? பூரிம் சமையல் குறிப்புகள் மீது ஒரு விமர்சனம்

பத்து வருஷத்துக்கு முன்னாடி நியூ ஜெர்சியில் ஒரு ப்ராஜெக்ட்டில் இருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு யூத நண்பர், என்னைவிட வயசில் மூத்தவர். பூரிம் பண்டிகை வருதுன்னு தெரிஞ்சதும், அவங்க பண்டிகைப் பலகாரமான ஹமன்டாஷனை நாமே செஞ்சு குடுத்தா சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். முக்கோணமா மடிச்ச, நடுவுல பழ ஜாம் வெச்ச பிஸ்கட். ஒரு ஆங்கிலச் சமையல் புத்தகத்தைப் பார்த்து, வெண்ணெய்க்குப் பதிலா நம்மூர் நெய் போட்டே செஞ்சேன். நெய்ன்னா விசேஷம் இல்லையா!

அவர் ரொம்ப நன்றி சொல்லி வாங்கிக்கிட்டார். டப்பா சாயங்காலம் வரைக்கும் மேஜை ஓரத்திலேயே இருந்தது. மறுநாள் தயங்கித் தயங்கி அவரே சொன்னார்: கோஷர் இல்லாத சமையலறையில் செய்ததை அவர் சாப்பிட முடியாது, அப்படியே சாப்பிடலாம் என்றாலும், பண்டிகை விருந்து கறிச் சாப்பாடு என்பதால் நெய் போட்டதை அந்த மேஜைக்குக் கொண்டு போக முடியாது.

தப்பு என்னோடதுதான். ஆனா அந்தப் புத்தகத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன். பிஸ்கட் ஏன் முக்கோணம் என்பதற்கு மூணு பத்தி இருந்தது. பால் விஷயத்துக்கு கடைசியில் ஒரே ஒரு வரி: பால் சேர்க்காதவர்கள் வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போடலாம். அதுக்கப்புறம் இந்த மாதிரிக் குறிப்புகளை நிறைய படிச்சுட்டேன். பெரும்பாலானவற்றில் இதே கதைதான். பால் இல்லாத வடிவத்தை ஒரு சலுகையா, ஒரு மன்னிப்பா எழுதுறாங்க. என் வாதம் இதுதான்: இந்தப் பண்டிகைக்கு, இந்தப் பலகாரத்துக்கு, பால் இல்லாமல் செய்வது மாற்று ஏற்பாடு இல்லை. அதுதான் பலகாரத்தின் வேலைக்கே பொருந்துகிற வடிவம். அதைச் சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்பு.

முதலில் விதி என்ன என்று பார்ப்போம். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற கட்டளை தோராவில் மூன்று இடங்களில் வருகிறது: யாத்திராகமம் 23:19, 34:26, உபாகமம் 14:21. இதிலிருந்து ரப்பிகள் பெரிய அமைப்பையே கட்டினார்கள். இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது, பாத்திரங்களும் தனித்தனி. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் பொருள் சாப்பிடக் காத்திருக்க வேண்டும். பலருக்கு இது 6 மணி நேரம், ஜெர்மன் யூத வழக்கத்தில் 3, டச்சு வழக்கத்தில் 1. இரண்டிலும் சேராத தானியம், பழம், காய், முட்டை, எண்ணெய் எல்லாம் 'பாரெவ்', அதாவது நடுநிலை. பாரெவ் எந்த மேஜைக்கும் போகலாம்.

இப்போ பூரிமுக்கு வருவோம். ஆதார் மாதம் 14ஆம் நாள். ஆமானின் சதியிலிருந்து தப்பித்ததை எஸ்தர் புத்தகம் சொல்கிறது. 9:22இல் விருந்து, ஒருவருக்கொருவர் உணவு அனுப்புதல், ஏழைகளுக்குக் கொடுத்தல் என்று வரிசையாக வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் பூரிம் விருந்தில் இறைச்சி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். உணவு அனுப்பும் கடமைக்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு: ஒருவருக்காவது இரண்டு வகை உணவு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒரு பக்கம் கறி விருந்து. இன்னொரு பக்கம், நீங்க அனுப்புகிற டப்பா அடுத்த வீட்டில் எந்த நேரத்தில் திறக்கப்படும், அவங்க அப்போ என்ன சாப்பிட்டிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. வெண்ணெய் போட்டு அனுப்பினா, வாங்கினவர் 6 மணி நேரம் டப்பாவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். பாரெவ்னா உடனே ஒண்ணை எடுத்து வாயில் போடலாம். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னா, எதிர்ப்பக்கம் என்ன சிஸ்டம் ஓடுதுன்னு தெரியாதப்போ எல்லாத்திலும் ஓடுற ஃபார்மட்டில்தான் ஃபைல் அனுப்பணும்.

யூதச் சமையலுக்குப் பால் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. ஷாவுவோத் பண்டிகையில் சீஸ் பலகாரங்கள்தான் நாயகன். அங்கே போய் பால் இல்லாம செய்யறதுதான் பொருத்தமில்லாதது. கேள்வி பால் நல்லதா கெட்டதா என்பதில்லை. எந்த நாள், எந்த மேஜை என்பதே.

அப்போ பழைய காலத்தில் எல்லாரும் பாரெவ்வாகத்தான் செஞ்சாங்களான்னு கேட்டா, அப்படியும் சொல்ல முடியாது. கசகசாவைப் பாலில் வேக வைத்துச் செய்யும் பூரணம் உண்டு. கிழக்கு ஐரோப்பாவின் குளிரில் ஆலிவ் எண்ணெய் சுலபமில்லை. கைக்கு எட்டிய கொழுப்பு ஒன்று வெண்ணெய், இல்லாவிட்டால் வாத்துக் கொழுப்பு. முதலாவது பால் பக்கம், இரண்டாவது இறைச்சிப் பக்கம். நடுநிலைக் கொழுப்பு கிடைப்பதே சிரமம். புத்தகங்கள் தாண்டிப் போகிற உண்மையான வரலாறு இங்கேதான் இருக்கு.

1869இல் பிரான்சில் மெஜ்-மூரியே கண்டுபிடித்த முதல் மார்கரின் மாட்டுக் கொழுப்பையும் பாலையும் சேர்த்துச் செய்தது. கோஷர் கண்ணில் பார்த்தால் இதைவிட மோசமான கூட்டு கிடையாது! 'வெண்ணெய்க்குப் பதில் மார்கரின்' என்று ஒரு வரியில் எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. 1902இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன் திரவ எண்ணெயை ஹைட்ரஜனேற்றி கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1911இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்த கிரிஸ்கோவைக் கொண்டு வந்தது. கெட்டியான, மலிவான, நடுநிலைக் கொழுப்பு. 1933இல் அந்தக் கம்பெனி யூத இல்லத்தரசிகளுக்காக ஆங்கிலத்திலும் இத்திஷ் மொழியிலும் ஒரு சமையல் புத்தகமே போட்டது. விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனா அந்தச் சமையலறையின் நிஜமான சிக்கலைப் புரிஞ்சுக்கிட்டுப் போட்ட விளம்பரம். நம்மூர் டால்டாவும் இதே தொழில்நுட்பத்தின் பிள்ளைதான். நமக்கு அது நெய்க்கு ஏழை மாற்று. அவர்களுக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்ட பொருள்.

பிறகு டிரான்ஸ் கொழுப்பின் கெடுதல் தெரிந்து, 2015இல் அமெரிக்க எஃப்டிஏ பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களுக்கு எதிராக முடிவெடுத்தது. ஆக அந்தப் பழைய ஷார்ட்டனிங்கைக் கண்ணை மூடிக்கிட்டுப் பரிந்துரைக்கவும் முடியாது. மிச்சம் இருப்பது சாதாரண சமையல் எண்ணெய்.

இங்கேதான் 'பதில் போடலாம்' என்ற வரி சமையலாகவும் தோற்றுப் போகுது. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதே அளவு எண்ணெய் ஊத்தினா மாவு வழவழன்னு ஆகும். சர்க்கரையோட சேர்த்து அடிச்சாலும் வெண்ணெய் மாதிரி காத்தைப் பிடிச்சு வெச்சுக்காது. அதனால் எண்ணெய் ஹமன்டாஷனுக்கு அதுக்கே உரிய கணக்கு வேணும். நான் பல தடவை சொதப்பிக் கடைசியில் வந்து சேர்ந்தது இது: மைதா 400 கிராம், சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 120 மில்லி, முட்டை 2, ஆரஞ்சுச் சாறு 3 மேஜைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயிலிருந்து வந்திருக்க வேண்டிய ஈரத்தை ஆரஞ்சுச் சாறு கொடுக்குது, கூடவே மணமும்.

மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, 8 சென்டிமீட்டர் வட்டமா வெட்டணும். நடுவில் ஒரு தேக்கரண்டி ஜாம், அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. தண்ணியா இருக்கும் ஜாம் அவனில் கொதித்து வழிந்து மடிப்பைப் பிரித்துவிடும். பிளம்ஸையோ பேரீச்சையையோ நல்லா சுண்ட வைங்க. மூணு ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து மூலைகளைக் கிள்ளி, மறுபடி பத்து நிமிஷம் குளிர வைத்து, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம்.

பழம் என்றதும் எழுத்தாளர்கள் ஒரு கதைக்கு ஓடுவாங்க. 1731இல் பொஹீமியாவின் யுங்பன்ட்ஸ்லாவில் டேவிட் பிராண்டைஸ் என்ற யூத வியாபாரி விற்ற பிளம்ஸ் ஜாமில் விஷம் இருந்ததாகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். பூரிமுக்குச் சில நாள் முன்னால், ஆதார் 10இல் விடுதலை. அவர் குடும்பம் அந்த நாளை 'பிளம்ஸ் ஜாம் பூரிம்' என்று கொண்டாடியது. ஹமன்டாஷனில் பிளம்ஸ் வந்ததே இதனால்தான் என்று முடிச்சுப் போடுவது அவசரம். அந்த நாட்டில் பிளம்ஸ் ஜாம் வீட்டுக்கு வீடு இருந்த பொருள். பிஸ்கட்டுக்குள் போக அதுக்கு வழக்கு தேவையில்லை. எனக்கு இந்தக் கதையில் படுவது வேறு: ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் உணவு முழுக்க நம்பிக்கையில் நிற்கிறது. அது உடைந்தால் ஒரு ஜாம் டப்பா ஆளைச் சிறைக்கு அனுப்பும்.

'பால் இல்லாதது', 'பாரெவ்' இரண்டும் ஒன்று என்று எழுதுவது அதனால்தான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. அமெரிக்காவில் 'நான்-டெய்ரி' என்று விற்கும் காபி கிரீமர்களில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருப்பதுண்டு. வெண்ணெய் கேக் சுட்ட தட்டும் கணக்கில் வரும். ரொட்டி மாவில் பால் சேர்ப்பதையே தால்முத் தடுக்கிறது, யாராவது தெரியாமல் கறியோடு சாப்பிட்டுவிடுவார்கள் என்ற கவலையில். விதிவிலக்கு, வடிவத்தை மாற்றி அடையாளம் தெரியும்படி செய்தால். சாப்பிடப் போகிறவர் ஏமாறக் கூடாது என்பதில் அத்தனை அக்கறை.

மறுவருஷம் நான் நண்பருக்கு எதுவும் சுடவில்லை. கோஷர் முத்திரையும் பாரெவ் என்ற வார்த்தையும் அச்சடித்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று, கூட கொஞ்சம் ஆரஞ்சுப் பழம். இரண்டு வகை ஆச்சு. கவரைத் திருப்பிப் படிச்சுப் பார்த்தவர், அங்கேயே பிரிச்சு ஒண்ணை வாயில் போட்டுக்கிட்டு எனக்கும் நீட்டினார். சுமாரான பிஸ்கட்தான். நான் நெய்யில் செஞ்சது இதைவிட நல்லா இருந்திருக்கும். ஆனா அதை அவர் சாப்பிடவே இல்லையே.