தேதி குறிக்காத ஓட்டம்: விரும்பப்பட்ட பிராட்வே நாடகங்கள் ஏன் முன்னதாகவே நிற்கின்றன

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஒரு புதிய இசை நாடகம் அரங்கேறும்போது, அதன் கடைசி நாள் பெரும்பாலும் அறிவிக்கப்படுவதில்லை. வாரத்துக்கு 8 காட்சிகள் என்று தொடங்குகிறது; வசூல் செலவைத் தாங்கும் வரை ஓடுகிறது; தாங்காதபோது சில வார முன்னறிவிப்போடு நின்றுவிடுகிறது. நாடகம் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு ரசிகர்கள் பதில் சொல்கிறார்கள். நாடகம் ஓடுமா என்ற கேள்விக்கு வாரக் கணக்கு பதில் சொல்கிறது. இரண்டு பதில்களும் ஒத்துப்போகாத நாடகங்களே ரசிகர்கள் எதிர்பார்த்ததைவிட முன்னதாக மூடப்படுகின்றன.

பிராட்வே இசை நாடகத்துக்குச் செலவு இரண்டு வகை. முதல் வகை, திரை உயர்வதற்கு முன் போடும் முதல்: காட்சியமைப்பு, உடைகள், ஒத்திகை, தொடக்க விளம்பரம். இது 1 கோடி டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். இரண்டாவது, வாராவாரம் ஆகும் நடப்புச் செலவு: நடிகர், இசைக்கலைஞர், மேடைப் பணியாளர் சம்பளம், ஒலி, ஒளிக் கருவிகளின் வாடகை, அரங்க வாடகையும், அதற்கு மேல் வசூலில் அரங்க உரிமையாளரின் பங்கும், எழுத்தாளர், இசையமைப்பாளர், இயக்குநருக்கான உரிமைத் தொகை. பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் இதில் பெரும்பகுதி குறையாது. இசைக்குழுவைச் சுருக்கி மிச்சம் பிடிக்கவும் எளிதில் முடியாது. எந்த அரங்கில் குறைந்தது எத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்க ஒப்பந்தம் வரையறுத்திருக்கிறது. நடப்புச் செலவு போக மிஞ்சுவதுதான் முதலீட்டாளர்களிடம் திரும்பிப் போகிறது. ஐந்து நாடகங்களில் ஒன்றுதான் போட்ட முதலை மீட்கும் என்பது பிராட்வேயில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு.

இந்தக் கணக்கு ரசிகரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் பார்ப்பது நிறைந்த அரங்கு, எழுந்து நின்று கைதட்டும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் முழு விலை கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இயங்கும் டிகேடிஎஸ் சாவடியில் அன்றைய காட்சிக்கான டிக்கெட்டுகள் பாதி விலை வரை இறங்கிக் கிடைக்கும். ஒரே நாடகத்தைப் பலமுறை பார்க்கும் தீவிர ரசிகர் பெரும்பாலும் இத்தகைய தள்ளுபடியிலும் குலுக்கல் டிக்கெட்டிலுமே வருகிறார். முழு விலையும் அதற்கு மேலும் கொடுப்பவர்களில் பெரும்பங்கு சுற்றுலாப் பயணிகள். சில நாள் தங்குபவர்கள் என்பதால், ஏற்கெனவே பெயர் கேட்ட நாடகத்தையோ தெரிந்த நட்சத்திரத்தையோதான் தேடிப் போகிறார்கள்.

தேதி குறிக்காமல் ஓடும் இந்த நடைமுறைக்கு உண்மையான வலிமை உண்டு. அரசின் மானியத்துக்கோ ஒரு நிறுவனத்தின் தயவுக்கோ காத்திராமல், பார்வையாளர் வருகிறவரை ஒரு படைப்பு வாழலாம். 1988 ஜனவரியில் மஜெஸ்டிக் அரங்கில் தொடங்கிய 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' 2023 ஏப்ரல் 16 வரை 13,981 காட்சிகள் ஓடியது. பல தலைமுறை இசைக்கலைஞர்களுக்கு அது நிலையான வேலை கொடுத்தது. முடிவுத் தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டால் இப்படி ஒரு வாழ்வு வாய்ப்பதில்லை. அந்த நாடகமும் கடைசியில் வாரச் செலவின் ஏற்றத்தால்தான் நின்றது. மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததும் டிக்கெட் விற்பனை எகிறியது. 2023 பிப்ரவரியில் முடிய வேண்டியது இரண்டு மாதம் நீண்டது. அந்த ஆர்வம் முந்தைய சாதாரண வாரங்களில் வந்திருந்தால் அறிவிப்புக்கே தேவை இருந்திருக்காது. பேரன்பும் வாராவார வருகையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நடைமுறையின் குறையை முழுதாகக் காட்டுவது 'நட்டாஷா, பியேர் அண்ட் தி கிரேட் காமெட் ஆஃப் 1812'. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் ஒரு பகுதியை எடுத்து டேவ் மல்லாய் உருவாக்கிய இந்த இசை நாடகம், 2012இல் ஆர்ஸ் நோவா என்ற சிறு அரங்கில் நூற்றுக்கும் குறைவான இருக்கைகளுக்கு நடுவே பிறந்தது. அடுத்த ஆண்டு ஒரு கூடாரத்துக்குப் போனது. 2016 நவம்பரில் 1.4 கோடி டாலர் முதலுடன் பிராட்வேயின் இம்பீரியல் அரங்குக்கு வந்தது. வடிவமைப்பாளர் மிமி லியன் அரங்கு முழுவதையும் சிவப்புத் திரைச்சீலையும் ஓவியங்களும் தொங்கும் விளக்குகளுமாக ஒரு ரஷ்யக் களியாட்ட விடுதியாக மாற்றினார். மேடை மீதே பார்வையாளர்கள் அமர்ந்தார்கள். நடிகர்கள் இருக்கை வரிசைகளுக்கிடையே ஓடி, பார்வையாளர் கையில் பியரோகி என்னும் பூரணம் வைத்த கொழுக்கட்டையைக் கொடுத்தார்கள். தாளத்துக்குக் குலுக்க முட்டை வடிவக் கிலுகிலுப்பைகளையும் கொடுத்தார்கள். பெரிய அரங்கில் சிறிய அறையின் நெருக்கத்தை இவ்வளவு முழுமையாகக் கொண்டுவந்த படைப்புகள் பிராட்வேயில் மிகக் குறைவு.

அந்த நெருக்கத்துக்கு விலை இருந்தது. அரங்கைக் குடைந்து படிகளும் நடைபாதைகளும் அமைத்ததில் விற்கக்கூடிய இருக்கைகள் குறைந்தன. கலைஞர்களின் எண்ணிக்கையோ பெரிது. பியேராக நடித்த பாடகர் ஜாஷ் க்ரோபனின் புகழ் அந்த இடைவெளியை நிரப்பியது. அவர் இருந்தவரை வார வசூல் பெரும்பாலும் 10 லட்சம் டாலரைத் தாண்டி நின்றது. 2017இல் அந்த ஆண்டின் எந்த நாடகத்தையும்விட அதிகமாக 12 டோனி விருதுப் பரிந்துரைகள் வந்தன. கிடைத்தவை காட்சியமைப்புக்கும் ஒளியமைப்புக்குமான 2 விருதுகள். டிக்கெட் விற்பனையை உண்மையில் உயர்த்தும் சிறந்த இசை நாடக விருது 'டியர் எவன் ஹேன்சன்' பக்கம் போனது. ஜூலைத் தொடக்கத்தில் க்ரோபன் விலகியதும் வசூல் சரிந்தது. 'ஹாமில்டன்' புகழ் ஓகியெரியேட் ஓனோடோவன் பொறுப்பேற்றார். சரிவைத் தடுக்க அவரது காலத்தைச் சுருக்கி மூத்த நடிகர் மேண்டி பட்டின்கினைக் கொண்டுவரத் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். ஒரு கறுப்பின நடிகரை இப்படி ஒதுக்குவதா என்ற கடும் எதிர்ப்பு எழ, பட்டின்கின் விலகிக்கொண்டார். 336 காட்சிகளுக்குப் பின் செப்டம்பர் 3 அன்று நாடகம் நின்றது. போட்ட முதல் திரும்பவில்லை.

இந்த முடிவுக்குச் சர்ச்சையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். ஒரு நட்சத்திரம் போன சில வாரங்களிலேயே அவசரமாக இன்னொருவரைத் தேடும் நிலையில் கணக்கு ஏற்கெனவே இருந்தது. ரசிகர்கள் எதற்காக நாடகத்தை நேசித்தார்களோ அதுவே அதன் வாரச் செலவை ஏற்றி, வரவின் உச்சவரம்பைத் தாழ்த்தியது. தேதியில்லா ஓட்டத்தின் ஆழமான பலவீனம் இதுவே: எந்த அளவில் ஒரு படைப்பு சிறக்கிறதோ அந்த அளவில் அதைத் தங்கவிடாமல், ஆயிரம் இருக்கைகளை வாரம் 8 முறை நிரப்பும் அளவுக்கு இழுக்கிறது.

காரணம் எப்போதும் நாடகத்துக்குள்ளேயே இருப்பதுமில்லை. வார வசூல் ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் நாடகத்தை வெளியேற்ற அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. 2019 ஏப்ரலில் விண்டர் கார்டன் அரங்கில் தொடங்கிய 'பீட்டில்ஜூஸ்' மந்தமாக ஆரம்பித்தது. இளம் ரசிகர்கள் பாடல்களைச் சமூக ஊடகங்களில் பரப்ப, ஆண்டு இறுதிக்குள் வார வசூல் 15 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் தொடக்கச் சரிவின்போதே அந்த உரிமை பிறந்துவிட்டது. ஹ்யூ ஜாக்மன் நடிக்கும் 'தி மியூசிக் மேன்' நாடகத்துக்கு அரங்கு ஒதுக்கப்பட்டது. ஏறுமுகத்தில் இருந்த ஒரு நாடகத்தை இறங்குமுக மாதங்களின் கணக்கைக் காட்டி அகற்றுவதை நியாயப்படுத்துவது கடினம். பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஏப்ரலில் அது மார்க்கீஸ் அரங்கில் மீண்டு வந்து, 2023 ஜனவரி 8 வரை ஓடியது. அதன் இடத்தைப் பிடித்த நாடகம் ஒரே வாரம் கழித்து, ஜாக்மனின் கடைசிக் காட்சியோடு முடிந்தது.

தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்'. 'முதல்வன்' படத்தின் 'ஷக்கலக்க பேபி' உட்படப் பழகிய மெட்டுகள் பலவும் அதில் இடம்பெற்றன. லண்டனில் 2002 ஜூன் முதல் இரண்டு ஆண்டு ஓடிய அது, நியூயார்க்கில் 2004 ஏப்ரல் 29 முதல் 2005 ஜனவரி 1 வரை 284 காட்சிகளோடு நின்றது. அங்கே கிடைத்த பிராட்வே தியேட்டர் 1,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. நிரப்ப வாரத்துக்கு 13,000 பேருக்கு மேல் வேண்டும். ஆர்வத்தோடு வந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் ஒரு முறை பார்த்து மகிழ்ந்தன. அதன் பிறகு அரங்கை நிரப்ப வேண்டியிருந்த மற்றவர்கள் போதிய அளவில் வரவில்லை.

மாற்று வழி, முடிவுத் தேதியை முன்பே குறித்த பருவம். லண்டனின் தேசிய அரங்கு போன்ற மானியம் பெறும் நிறுவனங்கள் இதைப் பின்பற்றுகின்றன. செலவு கட்டுக்குள் இருக்கும். தேதி தெரிந்தே ரசிகர் வருவார். துணிச்சலான படைப்புக்கு அதற்கேற்ற அறை கிடைக்கும். ஆனால் எதிர்பாராத வரவேற்பு கிடைத்தாலும் நீட்டிக்க இடமிருக்காது. தொலைவில் இருப்பவர்களும் மெதுவாகக் கேள்விப்படுபவர்களும் தவறவிடுவார்கள். மந்தமாகத் தொடங்கிய 'பீட்டில்ஜூஸ்' போன்றவற்றுக்கு இந்த முறை வாய்ப்பே தந்திருக்காது. 'கிரேட் காமெட்' நாடகத்துக்கோ இதுவே பொருந்துகிறது. 2024 டிசம்பரில் அது லண்டனின் டான்மார் வேர்ஹவுஸ் அரங்குக்கு வந்தபோது, சுமார் 250 இருக்கைகளும் முடிவுத் தேதி குறித்த ஒரு பருவமுமாகவே வந்தது.