யார் பணம்? யார் வரலாறு?

மாசாப் டேங்கிலிருந்து லக்டிகாபூல் பக்கம் போகிற வழியில் 'ஏ.சி. கார்ட்ஸ்' என்றொரு இடம் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன் ஆட்டோவில் போகும்போது கேட்டான்: "ஏன் மாமா, இந்த ஊர்ல காவல்காரனுக்குக்கூட ஏ.சி. ரூமா?" சிரித்துவிட்டேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் அந்த வழியாகவே ஆபீஸ் போய் வந்தவன் நான்!

பிறகுதான் விசாரித்தேன். ஏ.சி. என்றால் ஆப்பிரிக்கன் கேவல்ரி. நிஜாமிடம் இருந்த ஆப்பிரிக்க வம்சாவளிக் குதிரைப்படையினர் குடியிருந்த இடம் அது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்தது. அதன்பின் படை கலைந்தது. மனிதர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் கேட்கிற மர்ஃபா மேளத்தில் அவர்களுடைய பங்கும், பார்க்கஸ் அரபுகளுடைய பங்கும் கலந்திருக்கிறது.

இவர்களைப் போன்றவர்களின் கதையைப் பொதுமக்களுக்குப் பெரிய அளவில் சொன்ன கண்காட்சி ஒன்று 2013-இல் திறக்கப்பட்டது. எங்கே தெரியுமா? நியூயார்க்கில்! அங்குள்ள பொது நூலகத்தின் ஷோம்பர்க் மையம் நடத்திய 'இந்தியாவில் ஆப்பிரிக்கர்கள்' என்ற அந்தக் கண்காட்சியை சில்வியான் டியூஃபும் கென்னத் ராபின்ஸும் அமைத்தார்கள். 2014 அக்டோபரில் தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்கும் அது வந்தது.

பாராட்ட வேண்டிய முயற்சி. இருந்தாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். 'அடிமைகளிலிருந்து தளபதிகளும் அரசர்களும்வரை' என்பது அதன் துணைத் தலைப்பு. மாலிக் அம்பர், ஜஞ்சிரா நவாப், சச்சின் நவாப் என்று மேலே ஏறியவர்களுக்கு ஓவியம் உண்டு, புகைப்படம் உண்டு. குதிரைக்குப் புல் போட்ட சிப்பாய்க்கு ஏது ஓவியம்? உயர்ந்தவர்களைக் காட்டித்தான் ஓர் இனத்தின் பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்ற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. சோழர் கப்பல்படையைப் பேசும் அளவுக்கு, கப்பலில் கூலியாகப் போன தமிழனைப் பேசுகிறோமா?

சரி, நியூயார்க்கில் முடிந்தது நம் ஊரில் ஏன் முடியவில்லை? "பணம் சார், பணம்" என்று உடனே சொல்லிவிடுவோம். பாதி உண்மை. அமெரிக்காவில் 1965-இல் சட்டம் போட்டு மானுடவியல் துறைகளுக்கென்றே தேசிய நிதியம் ஒன்றை அமைத்தார்கள். மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகள் சேர்த்து 56 மன்றங்கள் அதனோடு இணைந்து வேலை செய்கின்றன. நூலகமோ, அருங்காட்சியகமோ, ஊர்ச் சங்கமோ விண்ணப்பிக்கலாம். என்ன கேள்வி, எந்த அறிஞர்கள் துணை, பொதுமக்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியாட்கள் குழு படித்து மதிப்பிடும். சிபாரிசுக் கடிதத்தோடு அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் கொடுக்கிற கை மூடவும் செய்யும். 2025 ஏப்ரலில் அந்த நிதியம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ஒரேயடியாக ரத்து செய்தது. இனம், சிறுபான்மை பற்றிய திட்டங்கள் பலமாக அடிபட்டன. மெல்லன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் கொடுத்து மாநில மன்றங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து தருவதும் நின்றுபோயிற்று. அடுத்தவர் கிணற்றை நம்பிப் பயிர் வைத்தால் இதுதான் கதி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷோம்பர்க் என்பவர் ஒரு வங்கி ஊழியர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கறுப்பின மக்களின் நூல்களைச் சேர்த்தார். 1926-இல் கார்னகி நிறுவனம் பத்தாயிரம் டாலர் தந்தபோதுதான் அவை பொது நூலகத்துக்குப் போயின. நம் கோட்டையூர் ரோஜா முத்தையாவும் அப்படியே. அவர் ஒரு விளம்பர ஓவியர். 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் சேகரிப்பு சென்னையில் நூலகமாக நிற்கிறது. நம் பாக்லிங்கம்பள்ளி சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரத்துக்கு வந்த உருது நூல்களும் அப்துல் சமத் கான் என்ற தனி மனிதர் சேர்த்தவை. மூன்று இடத்திலும் ஆசை முன்னால் வந்தது, நல்கை பின்னால் வந்தது. சேர்த்து வைத்தவன் இல்லாவிட்டால் எந்த அறக்கட்டளையும் எதைக் காப்பாற்றும்?

இப்போது நம்மைப் பார்ப்போம். செகந்திராபாத் மகபூப் கல்லூரியை 1862-இல் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார். பத்மாராவ் நகர் என்ற பெயரும் ஒரு முதலியாருடையது. இவற்றை ஒவ்வொரு விழாவிலும் மேடையில் சொல்கிறோம், கை தட்டுகிறோம். ஆனால் மதராஸ் ராணுவத்தோடு கன்டோன்மென்ட்டுக்கு வந்த சமையல்காரர், சலவைக்காரர், குதிரைக்காரர், பின்னால் ரயில்வேக்கு வந்த தொழிலாளி, இவர்களில் ஒருவர் பெயராவது நம் மலர்களில் வந்திருக்கிறதா? எந்தத் தெருவில் யார் இருந்தார்கள், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரக்கூடாது என்றிருந்தது, இதையெல்லாம் எழுதினோமா? 'மதராஸி' என்று பிறர் ஒதுக்கினால் கோபப்படும் நாம், நமக்குள் யாரை ஒதுக்கினோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டு எழுதியவர் இந்த ஊரிலேயே இருந்தார். பி.ஆர். வெங்கடசுவாமி, ஐதராபாத் சமஸ்தானத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் போராட்டத்தை ஆங்கிலத்தில் எழுதி 1955-இல் வெளியிட்டார். ஐதராபாத் புக் டிரஸ்ட் அதை 2020-இல் மறுபடியும் அச்சிட்டது. அறுபத்தைந்து வருடம் அந்தப் புத்தகம் காத்திருந்தது. எழுதாமல் போயிருந்தால் மறுபதிப்புக்கு என்ன இருந்திருக்கும்?

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. மலர் விளம்பரத்தில் மிஞ்சுகிற பணத்தில் வருடத்துக்கு ஒரு சிறு நல்கை ஒதுக்குங்கள். பெரிதாக வேண்டாம். ஒரு மாணவரோ மாணவியோ ஆறு மாதம் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யவும், பழைய ஆல்பங்களைப் படமெடுக்கவும் ஆகிற செலவு போதும். மூன்றே நிபந்தனை. பணம் கொடுத்தவர் யாரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லக்கூடாது. தெருவுக்குப் பெயர் வைக்கப்படாத குடும்பங்களிலிருந்து தொடங்க வேண்டும். பிரதி ஒன்று பொது நூலகத்துக்குப் போக வேண்டும்.

"பொங்கல் விருந்துக்கே பட்ஜெட் இடிக்குதே" என்று பொருளாளர் முனகுவது காதில் விழுகிறது. ஒரு வருடம் ஒரு இனிப்பைக் குறைத்துக்கொள்வோம் ஐயா. ஏ.சி. கார்ட்ஸ் என்றால் என்ன என்று கேட்ட பையனுக்கு நான் திருதிருவென்று விழித்தேன். "செகந்திராபாத்தில் தமிழர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?" என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. அன்றைக்கும் விழிக்க வேண்டாமே!